சிறப்பு மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையில்: மாற்றுத்திறன் குழந்தையின் குடும்பம் அருகிலேயே எந்தெந்த உதவிகளைக் கேட்டுப் பெறலாம்?

கேள்வி (ஒரு தாய்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகனுக்கு விரைவில் மூன்று வயது நிறைகிறது. அவனுக்கு மூளை முடக்குவாதம் இருப்பதாக முதல் பிறந்தநாளுக்கு முன்பே கண்டறிந்தார்கள். கழுத்து ஓரளவு நின்றுவிட்டது. ஆனால் யாராவது பிடித்துக்கொண்டால்தான் உட்காருவான். வலிப்புக்காக இரண்டு மருந்துகள் கொடுத்து வருகிறோம். பேச்சு வரவில்லை என்றாலும், எங்கள் குரலைக் கேட்டால் சிரிப்பான். பிடிக்காததைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

சில மாதங்களுக்கு ஒரு முறை தொலைவில் உள்ள சிறப்பு மருத்துவமனைக்கு அவனை அழைத்துச் செல்கிறோம். அங்கே அக்கறையோடுதான் பார்க்கிறார்கள். ஆனால் அங்கிருந்து திரும்பிய நாளிலிருந்து அடுத்த முறை செல்லும் நாள் வரை எங்களுக்கு வழிகாட்ட யாரும் இல்லை. வீட்டுக்கு அருகில் உள்ள சுகாதார நிலையத்துக்குக் காய்ச்சல், சளி என்று கொண்டுபோனால்கூட, "இவனை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமே காட்டுங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். இயன்முறைப் பயிற்சிக்கு ஒருவர், வலிப்புக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர் என்று ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். அவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து, இப்போது எதை முதலில் கவனிக்க வேண்டும் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

எங்களைப் போன்ற குடும்பங்கள் அருகிலேயே எந்தெந்த உதவிகளைக் கேட்டுப் பெற முடியும்? யாரிடம், எப்படிக் கேட்க வேண்டும்? அனுபவம் உள்ள பெற்றோரும் இத்துறையில் பணியாற்றுபவர்களும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி (சமூக மறுவாழ்வுப் பணியாளர்):

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் கேட்பது சலுகை அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 2006-இல் நிறைவேற்றப்பட்டு 2008-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 25ஆவது பிரிவு, மருத்துவச் சேவைகள் மக்கள் வாழும் இடத்துக்கு இயன்றவரை அருகிலேயே கிடைக்க வேண்டும் என்கிறது. கிராமப் பகுதிகளையும் அது தனியே குறிப்பிடுகிறது. 23ஆவது பிரிவு, குழந்தைக்கு மட்டுமன்றிக் குடும்பத்துக்கும் தேவையான தகவலும் ஆதரவும் தொடக்கத்திலேயே தரப்பட வேண்டும் என்று அரசுகளைப் பொறுப்பாக்குகிறது. எனவே அருகில் உள்ள சுகாதார நிலையத்தின் வாசலில் நீங்கள் தயங்கி நிற்கத் தேவையில்லை.

சமூகம் சார்ந்த மறுவாழ்வு என்ற வழிமுறையை, 1978-இல் அல்மா-ஆட்டா நகரில் ஆரம்ப சுகாதாரம் பற்றி நடந்த பன்னாட்டு மாநாட்டுக்குப் பிறகு உலக சுகாதார நிறுவனம் முன்னெடுத்தது. எல்லாக் குழந்தைகளையும் நிபுணரிடம் கொண்டுசெல்வது நடக்கக்கூடிய காரியம் அல்ல என்பதால், நிபுணரின் அறிவில் அன்றாடத்துக்குத் தேவையான பகுதியைச் சுகாதாரப் பணியாளர் வழியாகக் குடும்பத்திடம் கொண்டுசேர்ப்பதே அதன் நோக்கம். 2010-இல் வெளியான அதன் வழிகாட்டுதல்கள் உடல்நலத்தோடு கல்வி, வாழ்வாதாரம், சமூக வாழ்வு, அதிகாரமளித்தல் ஆகியவற்றையும் இணைத்தே பேசுகின்றன. இந்தப் பணியைச் செய்பவர்களுக்கு இடத்துக்கு இடம் வெவ்வேறு பதவிப் பெயர்கள் இருக்கும். வீட்டுக்கு வந்து பார்க்கும் சுகாதாரப் பணியாளர், தடுப்பூசி போடும் செவிலியர், குழந்தைகள் மையத்தின் பணியாளர் ஆகிய மூவரில் ஒருவரிடம் சென்று, "இந்தப் பகுதியில் மறுவாழ்வுப் பணியாளர் யார்? ஆரம்பநிலைப் பயிற்சி மையம் எங்கே இருக்கிறது?" என்று நேரடியாகக் கேளுங்கள். ஆரம்பநிலைப் பயிற்சி மையம் என்பது வளர்ச்சித் தாமதமோ குறைபாடோ உள்ள சிறு குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் இடம். இந்த இரண்டு கேள்விகளுக்குப் பெரும்பாலும் அவர்களில் ஒருவரிடமாவது விடை கிடைக்கும்.

அடுத்து, சீட்டுகளைப் பற்றிச் சொன்னீர்கள். குழந்தையின் மருத்துவப் பதிவுகள் அனைத்தும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்ற கருத்தை அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 1967-இலேயே முன்வைத்தது. அந்த ஒரே இடம் இன்று உங்கள் கையில் இருக்கும் ஒரு நோட்டுப் புத்தகமாக இருக்கட்டும். முதல் பக்கத்தைப் பார்த்த உடனே, அவனை இதற்குமுன் பார்த்திராத மருத்துவருக்கும் நிலைமை புரிய வேண்டும். நோயின் பெயர், மருந்துகளின் பெயரும் அளவும், கடைசியாக எடுத்த எடை, ஒவ்வாமை, வலிப்பு வழக்கமாக எப்படித் தொடங்கி எவ்வளவு நேரம் நீடிக்கும், வலி இருந்தால் எப்படிக் காட்டுவான், "வேண்டும்", "வேண்டாம்" என்பதை எப்படித் தெரிவிப்பான் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். கடைசியாகச் சொன்ன இரண்டும் எந்தச் சீட்டிலும் இருக்காது. அவை உங்களுக்கு மட்டுமே தெரியும். அடுத்த பக்கங்களில் ஒவ்வொரு நிபுணரும் சொன்னதைத் தேதியிட்டு இரண்டே வரியில் எழுதி வாருங்கள். முடிந்தால் அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.

அருகில் உள்ள நிலையத்தில் உறுதியாகக் கேட்டுப் பெற வேண்டியவையும் உண்டு. மூளை முடக்குவாதம் போன்ற நிலையான பாதிப்பு, தடுப்பூசிகளை மறுப்பதற்கான காரணம் அல்ல. நெஞ்சுச் சளி எளிதில் பிடிக்கும் இக்குழந்தைகளுக்கு அவை கூடுதலாகத் தேவைப்படுகின்றன. எடையைத் தவறாமல் பார்க்கச் சொல்லுங்கள். நிற்க முடியாத குழந்தையை நீங்கள் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் ஏறி, பிறகு தனியாக ஏறி, முதல் எடையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் போதும். எடை கூடும்போது வலிப்பு மருந்தின் அளவையும் மறுபடி கணக்கிட வேண்டியிருக்கும் என்பதால், இது ஊட்டத்துக்காக மட்டும் பார்ப்பது அல்ல. பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள். இனிப்புச் சேர்ந்த மருந்துகளால் பல் சொத்தையாகலாம். ஃபெனிட்டாயின் போன்ற வலிப்பு மருந்தால் ஈறு தடிக்கலாம். செவித்திறன் சோதனை நடந்திருக்கிறதா என்று உங்கள் பதிவில் இல்லை. நடக்கவில்லை என்றால் உடனே கேளுங்கள்.

மறுமொழி (இயன்முறை மருத்துவர்):

மேலே சொல்லப்பட்டவற்றோடு உடன்படுகிறேன். நான் இடுப்பு மூட்டைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். பல குடும்பங்களுக்கு இது தாமதமாகவே தெரிய வருகிறது.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் ஜிஎம்எஃப்சிஎஸ் என்ற அளவுகோல் 1997-இல் வெளியானது. உதவியின்றி நடக்கும் குழந்தை முதல் நிலை. தலையையும் உடலையும் நிமிர்த்தி வைக்கவே முழு ஆதரவு தேவைப்படும் குழந்தை ஐந்தாம் நிலை. உங்கள் மகன் எந்த நிலை என்பதை நேரில் பரிசோதிப்பவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதை அவரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இடுப்பு மூட்டு விலகும் அபாயம் அந்த எண்ணைப் பொறுத்தே அமைகிறது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இடுப்பு மூட்டு இடம்பெயர்ந்திருந்தது. முதல் நிலையில் ஒருவருக்கும் இல்லை. ஐந்தாம் நிலையில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இருந்தது.

இந்த விலகல் தொடக்கத்தில் வலிப்பதில்லை. துணி மாற்றும்போது ஒரு தொடை மற்றதைப் போல விரியவில்லை என்பதைத் தாய் கவனித்துச் சொல்வார். பல சமயங்களில் அந்த அறிகுறியும் இருக்காது. எக்ஸ்ரேயில்தான் தெரியும். ஆகவே உட்காரவே ஆதரவு தேவைப்படும் குழந்தைக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒரு முறை இடுப்பு எக்ஸ்ரே எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். எக்ஸ்ரே வசதி பெரும்பாலும் அருகிலேயே இருக்கும். படத்தை அங்கே எடுத்து நிபுணருக்கு அனுப்பலாமா என்று கேளுங்கள். ஒரு நீண்ட பயணம் மிச்சமாகும். தெற்கு ஸ்வீடனில் 1994-இல் இத்தகைய தொடர் கண்காணிப்பைத் தொடங்கினார்கள். எல்லாக் குழந்தைகளையும் பதிவேட்டில் சேர்த்து, உரிய காலத்தில் பார்த்து, மூட்டு நழுவத் தொடங்கும்போதே சிகிச்சை அளித்தார்கள். அதன் பிறகு மூட்டு முழுவதுமாக விலகிவிடும் குழந்தைகள் அங்கே ஒரு சதவீதத்துக்கும் கீழே குறைந்தனர். ஒரு பதிவேடும், அதை விடாமல் பின்பற்றிய பணியாளர்களும் இல்லாமல் இது நடந்திருக்காது.

பயிற்சியைப் பொறுத்தவரை, வாரத்தில் ஓரிரு மணி நேரம் நாங்கள் செய்வதைக் காட்டிலும், மீதி நேரமெல்லாம் குழந்தை எந்த நிலையில் உட்கார்ந்திருக்கிறான், படுத்திருக்கிறான் என்பதே அவனுடைய முதுகையும் மூட்டுகளையும் தீர்மானிக்கிறது. ஆகவே இயன்முறை மருத்துவரைப் பார்க்கும்போது, "எத்தனை முறை நீட்டி மடக்க வேண்டும்?" என்பதோடு, "இவனை எப்படி உட்கார வைக்க வேண்டும், எப்படிப் படுக்க வைக்க வேண்டும், எப்படித் தூக்க வேண்டும்?" என்று கேட்டு, அவர் கண்முன்னேயே நீங்கள் செய்து காட்டுங்கள். இடுப்பு பின்னால் நன்றாகப் பதிந்து, தொடைகள் சற்று விலகி, பாதங்கள் தளத்தில் ஊன்றியிருக்கும்படி அமைந்த இருக்கை அவனுக்குத் தேவை. ஆயத்த நாற்காலி கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீணாகும் அட்டைகளையும் காகிதத்தையும் அடுக்கடுக்காகப் பசையிட்டு ஒட்டி, குழந்தையின் அளவுக்கேற்ற இருக்கை செய்யும் முறை ஜிம்பாப்வேயில் உருவாகிப் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. மறுவாழ்வுப் பணியாளர் அளவெடுத்துக் கொடுத்தால் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் குழந்தை வளர வளர அளவு மாறும்; பெரிய நாற்காலியில் தலையணைகளை அடைத்து உட்கார வைப்பது முதுகு வளைவதற்கு வழிவகுக்கும்.

மறுமொழி (பதினான்கு வயது மகளின் தந்தை):

சகோதரி, தாய் தந்தையரைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். என் மகளும் உங்கள் மகனைப் போலத்தான். எங்கள் நிலைமையை மாற்றியவர்கள், அவளைப் போன்ற குழந்தைகளை எங்களுக்கு முன்பே வளர்த்துக்கொண்டிருந்த மற்றப் பெற்றோர்கள். எந்த நிலையத்தில் எந்த நாளில் யார் இருப்பார், எந்த விண்ணப்பத்தோடு எந்தச் சான்றிதழை இணைக்க வேண்டும், தசை இறுகிய குழந்தைக்குச் சட்டை போடும்போது எந்தக் கையை முதலில் நுழைக்க வேண்டும் (அதிகம் இறுகிய கையைத்தான்) என்பதையெல்லாம் அவர்களிடம்தான் கற்றோம். ஆரம்பநிலைப் பயிற்சி மையத்தின் காத்திருப்பு அறையில் உங்கள் அருகில் அமர்ந்திருப்பவரிடம் பேசத் தொடங்குங்கள். பெற்றோர் குழு ஏற்கெனவே இருந்தால் மையத்தில் சொல்வார்கள். இல்லையென்றால், நான்கைந்து குடும்பங்கள் மாதம் ஒரு முறை கூடுவதற்குச் சுகாதார நிலையத்திலேயே ஓர் அறை கேட்கலாம்.

அத்தகைய குழுவுக்கு ஏற்ற பாடத்திட்டமும் இருக்கிறது. வளர்ச்சித் தாமதமோ குறைபாடோ உள்ள, இரண்டு முதல் ஒன்பது வயது வரையிலான குழந்தைகளின் பெற்றோருக்காக உலக சுகாதார நிறுவனம் ஒரு திறன் பயிற்சியை உருவாக்கியிருக்கிறது. ஒன்பது குழு அமர்வுகளும் மூன்று வீட்டு வருகைகளும் கொண்ட அதை நடத்த நிபுணர் தேவையில்லை. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளரோ பெற்றோரோ நடத்தலாம். விளையாட்டிலும் குளிப்பாட்டுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளிலும் குழந்தையோடு எப்படித் தொடர்புகொள்வது என்பதை அது கற்றுத் தருகிறது. வளர்ப்பவரின் மன நலத்துக்கும் அதில் இடம் உண்டு. உங்கள் நிலையத்தில் இதைப் பற்றிக் கேளுங்கள்.

மன நலத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். தொடர்ந்து உறக்கமில்லை, எதிலும் விருப்பமில்லை, காரணமின்றி அழுகை வருகிறது என்றால் அதையும் மருத்துவரிடம் நோயாகவே சொல்ல வேண்டும். மகனுக்காகச் செல்லும் நாளிலேயே உங்களுக்காகவும் ஒரு சீட்டுப் போடுங்கள். முதுகையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள். இப்போது தூக்கும் எடை இன்னும் பல ஆண்டுகளுக்குக் கூடிக்கொண்டே போகும். முழங்காலை மடக்கி, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுவதை இப்போதே பழக்கமாக்குங்கள். தூக்குவது, ஊட்டுவது, மருந்து கொடுப்பது ஆகிய மூன்றையும் வீட்டில் இன்னொருவரும் கற்றிருக்க வேண்டும். அதைக் கற்பதற்காகவே அவரையும் பயிற்சிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முழுமையாகக் குணமாக்குவதாகச் சொல்பவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். அழுத்த அறையில் ஆக்ஸிஜன் கொடுக்கும் சிகிச்சையை கனடாவில் 111 குழந்தைகளிடம் முறையாகச் சோதித்து 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆக்ஸிஜன் பெற்ற குழந்தைகளும், சற்றே அழுத்தம் கூட்டிய சாதாரணக் காற்றைப் பெற்ற குழந்தைகளும் ஒரே அளவில்தான் முன்னேறினார்கள். இன்றும் அதை விற்கிறார்கள். யார் எதைச் சொன்னாலும், பணம் கட்டும் முன் உங்கள் மகனைத் தொடர்ந்து பார்க்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேட்டவரின் மறுபதிவு:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நோட்டைத் தொடங்கிவிட்டேன். செவித்திறன் சோதனை உண்மையிலேயே நடக்கவில்லை. அதை நாளையே கேட்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. அவனுக்கு ஒரு வேளை உணவு ஊட்டி முடிக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது, அடிக்கடிப் புரையேறுகிறது. இது இந்நோயில் இயல்புதானா? மேலும், அருகில் உள்ள மருத்துவர் இவனைப் பார்க்கத் தயங்குவதற்கு வலிப்பே காரணம் என்று தோன்றுகிறது. அந்தத் தயக்கத்தை எப்படிப் போக்குவது?

மறுமொழி (பேச்சு மற்றும் விழுங்குதல் பயிற்சியாளர்):

அம்மா, அடிக்கடிப் புரையேறுவதை இயல்பு என்று விட்டுவிடக் கூடாது. உணவோ நீரோ மூச்சுக்குழாய்க்குள் போகும்போது சில குழந்தைகள் இருமுவார்கள். சிலர் இருமக்கூட மாட்டார்கள். ஊட்டும்போது கண்ணில் நீர் கோப்பது, குரல் ஈரமாகக் கரகரப்பது, மூச்சு வாங்குவது, நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் திரும்பத் திரும்ப வருவது ஆகியவை அதற்கான அறிகுறிகள். ஒரு வேளை உணவுக்கு வழக்கமாக அரை மணி நேரத்துக்கு மேல் ஆனாலே விழுங்குதல் பரிசோதனை தேவை என்பதுதான் எங்கள் துறையின் பொதுவான அளவு. அடுத்த முறைக்குக் காத்திருக்காமல் இப்போதே கேளுங்கள். அவன் உண்பதை ஓரிரு நிமிடம் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு செல்லுங்கள். புது இடத்தில் குழந்தை வீட்டில் உண்பதைப் போல உண்ணமாட்டான்.

அதுவரை செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். படுத்த நிலையிலோ தலை பின்னால் சாய்ந்த நிலையிலோ ஊட்டாதீர்கள். அவனை நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாய் சற்றே கீழ்நோக்கி இருக்கும்படி பின்தலையைத் தாங்குங்கள். நீங்கள் நின்றபடி ஊட்டினால் அவன் அண்ணாந்து பார்ப்பான். அண்ணாந்தால் மூச்சுக்குழாயின் வழி திறந்துகொள்ளும். ஆகவே அவன் கண் மட்டத்துக்கோ அதற்குக் கீழோ உட்கார்ந்து, கரண்டியை நேர் முன்னாலிருந்து தாழ்வாகக் கொண்டுவாருங்கள். கரண்டியை நாக்கின் மேல் மெல்ல அழுத்தி, உதடு மூடும் வரை பொறுத்திருந்து எடுங்கள். மேல் பல்லில் வழித்துவிடக் கூடாது. ஒரு வாய் முழுவதும் இறங்கிய பிறகே அடுத்தது. அழும்போதும் அரைத் தூக்கத்திலும் ஊட்டாதீர்கள். உண்ட பிறகு அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும். தண்ணீர்தான் கூழான உணவைவிட எளிதில் புரையேறும்; அதை எந்த அளவுக்குக் கெட்டியாக்க வேண்டும் என்பதைப் பரிசோதித்தவர் சொல்வார்.

பரிசோதனைக்குப் பிறகு வயிற்றுக்கு நேரடியாகக் குழாய் வைப்பது பற்றிப் பேச்சு வரலாம். பல தாய்மார்கள் அதைத் தம் தோல்வியாக எடுத்துக்கொண்டு கலங்குகிறார்கள். அப்படி எண்ண வேண்டாம். தேவையான குழந்தைக்கு அது உயிர்காக்கும் வழி. பாதுகாப்பாக இருந்தால் சுவைக்காக வாயிலும் சிறிது கொடுக்கலாம்.

மறுமொழி (ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்):

சகோதரியின் இரண்டாவது ஐயத்துக்கு, மறுபக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் விடை சொல்கிறேன். உங்கள் பகுதி மருத்துவரின் தயக்கத்தை நான் நியாயப்படுத்தவில்லை. காய்ச்சலோடு வரும் குழந்தையை எந்த நிலையமும் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் நிபுணர் என்ன திட்டம் வைத்திருக்கிறார் என்று தெரியாமல் மருந்தில் கைவைக்க எங்களில் பலர் அஞ்சுகிறோம். அந்த அச்சத்தை நிபுணரின் ஒரு கடிதம் போக்கிவிடும்.

அடுத்த முறை சிறப்பு மருத்துவமனைக்குச் செல்லும்போது, "எங்கள் பகுதி மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். இப்போதைய மருந்துகளும் எடைக்கேற்ற அளவும், வலிப்பு அதிகரித்தால் முதலில் எதை எவ்வளவு கூட்டலாம் என்பதும், எந்த மருந்தைத் தவிர்க்க வேண்டும் என்பதும், எந்த நிலையில் உடனே அனுப்ப வேண்டும் என்பதும், ஐயம் வந்தால் எந்தப் பிரிவைத் தொடர்புகொள்வது என்பதும் அதில் இருக்கட்டும். மருந்தை மாதந்தோறும் அருகிலேயே வழங்கலாம் என்ற வரியையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். மருந்து தீர்ந்துபோய்த் திடீரென நின்றுவிடுவதால் கடுமையான வலிப்பு வருவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். கையில் ஒரு வார மருந்து மீதமிருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள்.

வலிப்பு வரும்போது குழந்தையை ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, கழுத்தைச் சுற்றி இறுக்கமாக இருப்பதைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் எதையும் வைக்கக் கூடாது. கைகால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. ஐந்து நிமிடங்களில் நிற்கவில்லை என்றாலோ, நினைவு திரும்பும் முன்பே அடுத்தது தொடங்கினாலோ, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இத்தகைய நேரத்தில் கன்னத்தின் உட்புறம் விடும் மிடாசோலம் போன்ற அவசர மருந்து உங்கள் மகனுக்கு ஏற்றதா என்று நிபுணரிடம் கேளுங்கள். ஏற்றது என்றால் அதன் அளவும் கடிதத்தில் இருக்க வேண்டும்; வீட்டில் ஒருவருக்கு மேல் அதைக் கொடுக்கக் கற்றிருக்க வேண்டும்.

கடிதம் கிடைத்ததும், குழந்தை நன்றாக இருக்கும் ஒரு நாளில், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து அந்த மருத்துவரிடம் அவனை அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சலின்போது முதன்முறையாகப் பார்க்கும் குழந்தையின் தசை இறுக்கம் புதிதா பழையதா என்று எங்களால் கண்டுபிடிக்க முடியாது. நன்றாக இருக்கும்போது ஒரு முறை பார்த்திருந்தால் வேறுபாடு உடனே தெரியும். கடிதத்தின் ஒரு நகலை நிலையத்தின் கோப்பில் வைக்கச் சொல்லி, மூலத்தை உங்கள் நோட்டின் முதல் பக்கத்தோடு இணைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர்கள் மாற்றலாகிப் போவார்கள்; புதிதாக வருபவரிடமும் இதே போல் ஒரு முறை அழைத்துச் சென்று காட்டிவிடுங்கள்.